நாற்பது நிமிடம்

1

நவம்பர் பிறந்தாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். பனியை நினைத்து அல்ல. பதினான்கு வருடமாகக் கனடாவில் பனியை வாரித் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன், அது பழகிவிட்டது. பழகாதது சம்மதக் கடிதம். என் மகள் ஹன்னாவை விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிப் போக வேண்டுமென்றால், அவள் அம்மா பிரமிளா "எனக்குச் சம்மதம்" என்று எழுதி, நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவள் கூட்டிப் போனால் நான் தர வேண்டும். சொந்தப் பிள்ளையைச் சொந்த ஊருக்குக் கூட்டிப் போக முத்திரை! எங்கள் அப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு குளச்சல் வரைக்கும் மிதிப்பார். ஒரு ஈ காக்கை கேட்டதில்லை.

எனக்கும் பிரமிளாவுக்கும் விவாகரத்தாகி நான்கு வருடம் ஆகிறது. பிள்ளை விஷயமாக நாங்கள் பேசிக்கொள்வதென்றால் கோர்ட்டு சொன்ன ஒரு செயலி வழியாகத்தான், அதுவும் இங்கிலீஷில். வக்கீல்களுக்குப் புரிய வேண்டுமாம். அனுப்பியதை அழிக்க முடியாது. எப்போது வாசித்தோம் என்பதுகூடப் பதிவாகும். கொஞ்சம் சூடாக எழுதினால், 'இந்த வாக்கியம் கடுமையாக இருக்கிறது, மாற்றுகிறீர்களா?' என்று அந்தச் சவம் நம்மிடமே கேட்கும். ஒருமுறை 'சரி' என்று மட்டும் எழுதியதற்கே கேட்டது. நாஞ்சில்நாட்டுக்காரன் வெறும் 'சரி' சொன்னால் அதற்குள் கோபம் இருக்கிறது என்று அந்த மிஷினுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

போன வாரம் அதில் பிரமிளாவின் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு லீவு இல்லை. 'முழு விடுமுறைக்கும் நீங்களே ஹன்னாவை ஊருக்குக் கூட்டிப் போங்கள். நடுவில் என் வீட்டாரிடம் கொண்டுவந்து விட வேண்டாம். பாஸ்போர்ட்டும் உங்களிடமே இருக்கட்டும். போன வருடம் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்குப் பயமில்லை.'

வாசித்துவிட்டு அடுக்களை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தேன். நான்கு வருடத்தில் அவள் எனக்கு எழுதிய முதல் நல்ல வார்த்தை. சந்தோஷமாகப் பதில் எழுதலாம் என்று பொத்தானை அழுத்தினால், செயலி கேட்கிறது: 'நீங்கள் எழுதி அனுப்பாத செய்தி ஒன்று இருக்கிறது. தொடர்கிறீர்களா?'

போன கிறிஸ்துமஸ் அன்று மதியம் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுதியது. 'பிரமிளா, மன்னிக்கவும். ஹன்னாவின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டோம்' என்று தொடங்குகிறது.

அது பொய். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2

எங்கள் தீர்ப்பில் கிறிஸ்துமஸுக்கென்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடம் அடைத்த நாள் முதல் கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் மூன்று மணி வரை பிள்ளை ஒருவரிடம். மூன்று மணி முதல் பள்ளிக்கூடம் திறக்கும் வரை மற்றவரிடம். அடுத்த வருடம் அப்படியே மாறும். இதை எழுதிய நீதிபதி அம்மா நல்ல மனுஷிதான். மதியச் சாப்பாடு ஒரு வீட்டில், ராத்திரிச் சாப்பாடு பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டில் என்று அவர் நினைத்திருப்பார். என் வீடு தோவாளையிலும் அவள் வீடு ஒன்றரை மணி நேரம் தள்ளி மார்த்தாண்டத்திலும் இருக்கும் என்று அவர் எங்கே கண்டார்!

போன வருடம் நாங்கள் இருவருமே கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம், தனித்தனி விமானத்தில். நான் ஹன்னாவைக் கூட்டிக்கொண்டு முதலில் போக வேண்டியது. கிறிஸ்துமஸ் அன்று மூன்று மணிக்கு அவளையும் பாஸ்போர்ட்டையும் பிரமிளாவிடம் ஒப்படைக்க வேண்டியது. புத்தாண்டு கழிந்து அவர்கள் இரண்டு பேரும் திரும்பிவிடுவார்கள். மூன்று மணி என்றால் எந்த ஊர் மூன்று மணி என்று இரண்டு வக்கீல்களும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் இந்திய நேரம் என்று முடிவானது.

ஒப்படைக்கும் இடத்துக்கும் ஒரு பாடு பட்டோம். என் வீட்டுக்கு அவள் வரமாட்டாள், அவள் வீட்டுக்கு நான் போகமாட்டேன். பிரமிளாதான் யோசித்து, சிதறால் மலையடிவாரத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தைச் சொன்னாள். மேலே பாறைக்குள் குடைந்த பழைய சமணக் கோவில். கிறிஸ்துமஸ் அன்று நம் சொந்தபந்தம் ஒன்றும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. பக்கத்தில் நின்று அழ ஆள் இருக்காது என்பதுதான் அதன் விசேஷம்.

அவள் பயமும் எனக்குத் தெரியும். "ஊருக்குப் போன இடத்துல அவரு பிள்ளைய வச்சுக்கிட்டா, இந்தக் கனடாத் தீர்ப்ப வச்சு பஜ்ஜி எண்ணெதான் ஒத்தலாம்" என்று அவள் அண்ணன் சொன்னதாக என் காதுக்கே வந்தது. அதனால்தான் தீர்ப்பில் கடைசி வரி: சொன்ன நேரத்துக்குப் பிள்ளையைத் திருப்பித் தராதவர், பதினெட்டு வயது வரை அவளை நாட்டை விட்டு வெளியே கூட்டிப் போக முடியாது.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் பிள்ளை திருடுகிறவன் என்று நினைத்தார்களா என்று வக்கீலிடம் கத்தினேன்.

3

ஊரில் இப்போது என் அக்கா ஸ்டெல்லாதான் எங்கள் குடும்ப வீட்டில் இருக்கிறாள். ஸ்கூல் டீச்சர். அத்தான் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள், என்னிடம் எதையும் கேட்டுச் செய்து பழக்கமில்லாதவள்.

ஹன்னா வந்து இறங்கிய நாளிலிருந்து அக்கா தரையில் நிற்கவில்லை. தலை பின்னி விடுவதென்ன, சண்டே ஸ்கூல் பாட்டுக்கு டீச்சரிடம் சொல்லி முன்வரிசையில் நிற்க வைப்பதென்ன! வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "எப்பிடி இருக்கா பாத்தியளா, நம்ம பிள்ளைலா!" என்பாள். அங்கே கரண்டியால் சோறு தின்கிற ஹன்னா, மூன்றாம் நாள் கையால் பிசைந்து தின்றுவிட்டு, "அத்தை, சாயா" என்று கேட்டாள். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரைதான் நான் அப்பா. தொடர்ந்து பத்து நாள் அவள் என் கண்முன்னால் தூங்கி எழுந்தது நான்கு வருடத்தில் அப்போதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களில் வீடு முழுக்கப் பலகார மணம். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு. இதெல்லாம் எங்களுக்குத் தின்ன மட்டும் அல்ல. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் காலையில் சர்ச் முடிந்து வந்ததும் முதல் வேலை, அக்கம்பக்கத்து இந்து வீடுகளுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் பலகாரம் கொடுப்பது. அக்கா பழைய பிஸ்கட் டின்களைச் சேர்த்து வைத்திருப்பாள். அடியில் பேப்பர் விரித்து, மேலே பலகாரம் அடுக்கி, வீட்டுக்கு ஒரு டின். அந்த டின்னை யாரும் அன்றைக்கே திருப்பித் தரமாட்டார்கள். வெறும் டின் திரும்பி வரக் கூடாது. அவர்கள் பொங்கலுக்கோ பெருநாளுக்கோ பலகாரம் நிறைந்துதான் வரும்.

போன வருடமும் காலை ஐந்து மணி ஆராதனை முடிந்து வந்து, அத்தானும் ஹன்னாவும்தான் வீடு வீடாக டின் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். புது கவுன் போட்டுக்கொண்டு அவள் நெஞ்சோடு டின்னை அணைத்துப் பிடித்து நடந்ததை நான் போட்டோ எடுத்தேன். அந்த போட்டோவில் அவள் சிரிக்கவில்லை என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

4

பத்தே முக்காலுக்கு ஹன்னாவின் பெட்டியைக் கட்ட உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் என் கைப்பையில் உள் ஜிப்புக்குள் இருந்தது. ஜிப்பைத் திறந்தால் இல்லை.

பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். என்னுடையது இருக்கிறது, அவளுடையது இல்லை. பெட்டிகள், தலையணை உறை, மேஜை இழுப்பறை, சட்டைப் பைகள் எல்லாவற்றையும் புரட்டினேன். ஹன்னா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அப்பா?"

"ஒண்ணுமில்ல மக்கா, ஒன் பாஸ்போர்ட். இஞ்சதான் எங்கயோ கெடக்கும்."

அரை மணி நேரம் அப்படி ஓடியது. அடுக்களைக்குப் போனேன். அக்கா அடுப்பில் கோழிக்கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஹன்னாக்க பாஸ்போர்ட்டக் கண்டியா?"

திரும்பாமலே சொன்னாள்: "தேடாத மக்கா. பத்திரமா இருக்கு."

"எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்குன்னு சொல்லுகேம்லா." அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை, வெட்கம் இல்லை. பரீட்சைத் தாள் திருத்தி முடித்த முகம். "அவளுக்கு விளிச்சு, பாஸ்போர்ட் காணாமப் போச்சுன்னு சொல்லு. வேற எடுக்க ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஆவும். அதுவர பிள்ள இஞ்ச நிக்கட்டு. எங்க ஸ்கூல்ல நாலாங்கிளாஸ் டீச்சர்ட்ட பறஞ்சு வச்சிருக்கேன். ரெண்டு மாசம் நின்னா பிள்ளைக்குப் போவ மனசு வராது. பிள்ளையே போவ மாட்டேன்னு சொன்னா எந்தக் கோர்ட்டு என்ன செய்யும்?"

"நீ என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கன்னு தெரியுமாக்கா ஒனக்கு?"

"ஒனக்கு வேண்டித்தானல செஞ்சேன்! வாடக சைக்கிள் மாதிரி பிள்ளைய மணிக்கணக்குக்கு எடுத்துட்டுப் போயி, நேரமானா திருப்பி விடுக. இது ஒரு பொழப்பால? அவ ஒன் ரத்தம்லா?"

நான் முன்கோபக்காரன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன். அங்கே மேஸ்திரியிடம் இரண்டு முறை கத்தி எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன். அந்த நேரத்தில் அக்காவைத் தோளைப் பிடித்து உலுக்கி, எடுடி பாஸ்போர்ட்டை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எங்கே வைத்தாய் என்று இரண்டாவது முறை கேட்கக்கூட இல்லை. பின்கதவைத் திறந்து வெளியே போனேன்.

5

வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல் ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்தேன். மணி பதினொன்று இருபது.

என் கையால் செய்தது ஒன்றுமில்லை. ஒளித்தது நான் இல்லை. எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. காணவில்லை என்று நான் எழுதினால் அதில் என்ன பொய் இருக்கிறது? இப்படித்தான் ஆரம்பித்தது. மனிதன் தன்னையே ஏமாற்றுவதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை, ஐந்து நிமிடம் போதும்.

செயலியைத் திறந்து எழுதினேன். 'பிரமிளா, மன்னிக்கவும். ஹன்னாவின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டோம். தூதரகத்தில் விசாரிக்கிறேன். அதுவரை அவள் இங்கே பாதுகாப்பாக இருப்பாள்.' எழுதிவிட்டு இரண்டு வார்த்தை மாற்றினேன். 'கவலைப்பட வேண்டாம்' என்று சேர்த்தேன். எதற்கெடுத்தாலும் கடுமை, கடுமை என்று நொட்டை சொல்லும் அந்தச் செயலி, இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நான்கு வருடத்தில் நான் அவளுக்கு எழுதியதிலேயே பணிவான செய்தி அதுதான்.

அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். இரண்டு மாதம் என்றால் அறுபது காலை. அறுபது காலையும் நான் அவளை எழுப்பலாம். வேலைக்கு லீவு நீட்டிக்கலாம். கொடுக்காவிட்டால் போகட்டும் சவம். கையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் ஸ்கூல் வரை நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் கதவைத் திறந்து, 'பை அப்பா' என்று அவள் இறங்கிப் போவதைப் பார்க்க வேண்டியதில்லை.

சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது. பயமோ குற்றவுணர்ச்சியோ வரவில்லை. மார்த்தாண்டத்தில் ஒருத்தி, மூன்று மணிக்கு மகள் வருவாள் என்று குளித்துக் கிளம்பிக்கொண்டிருப்பாள் என்பது ஒரு நிமிடம்கூட நினைவுக்கு வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பின்கதவு திறந்தது. ஹன்னா. கிறிஸ்துமஸ் கவுன், வெறுங்கால்.

"அப்பா, கிடைச்சுதா?"

"தேடிட்டே இருக்கேன் மக்கா" என்றேன், கல்லில் உட்கார்ந்துகொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நானும் தேடட்டா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கட்டிலறை தெரியும். அவள் முழங்கால் போட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்புகளையும் ஷூக்களையும் வெளியே இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு ஷூவாக எடுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். அத்தானின் பழைய ஷூவுக்குள் முழங்கை வரைக்கும் விட்டுப் பார்த்தாள்.

எழுந்தேன். மணி சரியாகப் பன்னிரண்டு.

6

"அக்கா, எங்க வச்ச? இப்பம் எடுத்துத் தந்தியானா சரி. இல்லன்னா நான் இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். முக்காலியைப் பீரோ பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறினாள். பூட்டி வைத்தால் நான் சாவி கேட்பேன் என்று, நான் போன தடவை கொண்டுவந்த சிவப்பு மேப்பிள் பிஸ்கட் டின்னில் பேப்பருக்கு அடியில் பாஸ்போர்ட்டைப் போட்டு, மேலே முந்திரிக்கொத்தை அடுக்கி, பீரோ மேல் துணி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். பலகார டின்னை யார் தேடுவார்கள்! மூட்டையை இழுத்தாள். அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் தரையில் விழுந்தது. உள்ளே நீலக் கட்டம் போட்ட ஸ்கூல் யூனிபாரம், புதிதாகத் தைத்தது, ஹன்னாவின் அளவுக்கு.

பீரோ மேலே டின் இல்லை.

"ஏங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அத்தான் அரைத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "இஞ்ச இருந்த சிவப்பு டின்னு எங்க?"

"அதுவா? சுடலை அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு டின்னு கொறஞ்சுது. இது மேல சும்மா இருந்துது, எடுத்துக் குடுத்தேன். ஏன், அதுல உள்ள கொத்து நல்லா இல்லியா?"

"அய்யோ, எளவே!" என்று அக்கா முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுடலை அண்ணாச்சி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், தோவாளை மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கிறார். ஓடினேன். அவர் மனைவி, எங்களுக்கு மைனி, வாசலில் நின்று சிரித்தாள். "வாங்க தம்பி. டின்னா? அண்ணாச்சி அப்பிடியே மார்க்கெட்டுக்குக் கொண்டு போயிட்டாவ, பூக்கட்டுக பிள்ளைகளுக்குக் குடுக்கணும்னு." அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஐந்து தடவை அடித்தேன், எடுக்கவில்லை. என் போனில் சார்ஜும் இறங்கிக்கொண்டிருந்தது.

அத்தானின் காரை எடுத்தேன். ஹன்னா கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள்.

மார்கழி மாதம், மார்க்கெட்டில் கூட்டம் குறைந்திருந்தாலும் ஆள் நடமாட்டம் இருந்தது. தரையெல்லாம் நனைந்த சாக்கும் உதிர்ந்த பிச்சியும் சம்பங்கியும். அண்ணாச்சி கடையில் பெண்கள் நாலு பேர் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சிவப்பு டின், காலி. அடியில் விரித்த பேப்பரையும் காணோம்.

அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்தார். "வா எட்வினு, ஹேப்பி கிறிஸ்மஸ்! ஒங்க அக்கா வழக்கமா பேப்பர விரிச்சுத்தான் கொத்து அடுக்குவா. இந்த வருசம் பாஸ்போர்ட்ட விரிச்சிருக்கா!" கடகடவென்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பனியனுக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். "தரையெல்லாம் ஈரம்லா, வெள்ளம் படாம வச்சிருக்கேன். எண்ணெ மட்டும் லேசா பட்டிருக்கு." வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முழம் பிச்சியை நறுக்கி ஹன்னாவின் தலையில் வைத்துவிடச் சொன்னார்.

டின்னை எடுக்கக் கை நீட்டினேன், பழக்க தோஷம். அண்ணாச்சி என் கையைத் தட்டிவிட்டார். "அது பொங்கலுக்கு வரும். நீ போ, பிள்ளைய நேரத்துக்குக் கொண்டு விடு."

நேரத்துக்கு என்று அவருக்கு யார் சொன்னது? ஊருக்கே தெரிந்திருக்கிறது.

7

பெட்டியை எடுக்க வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. அக்கா வெளியே வரவில்லை. ஹன்னா உள்ளே ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா அவள் தலையைத் தடவினாள், பூவைச் சரி செய்தாள், என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் மூடி வைத்த கிறிஸ்துமஸ் சாப்பாடு அப்படியே இருந்தது.

அங்கே இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவனுக்கு ஊர்க் கார் சரியாக வராது. திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைத் தட்டிவிட்டேன். நாகர்கோவிலைத் தாண்டவே முக்கால் மணி நேரம். ஒவ்வொரு சர்ச் வாசலிலும் கூட்டம், ஒவ்வொரு சந்திப்பிலும் நட்சத்திரப் பந்தல். போன் அணைந்துவிட்டது. பிரமிளாவின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.

தக்கலை தாண்டியதும் ஹன்னா சொன்னாள்: "அப்பா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அத்தை பாஸ்போர்ட்ட டின்ல வச்சத பாத்தேன். நேத்து. அத்தை என்னப் பாக்கல."

சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. "ஏன் மக்கா சொல்லல?"

"யாராச்சும் பாஸ்போர்ட்ட ஒளிச்சு வச்சா உடனே கால் பண்ணணும்னு அம்மா சொல்லிருக்காங்க. அம்மா நம்பர் எனக்கு பை ஹார்ட். பட், கால் பண்ணல. அப்பா தேடுறாங்களான்னு பாக்கலாம்னு நினைச்சேன். லஞ்ச் வரைக்கும். காலைல மாமா அந்த டின்னையே குடுத்துட்டாங்க, எனக்கு பயமா ஆயிடுச்சு."

"அப்பா தேடலன்னா?"

"கால் பண்ணிருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பட் யூ லுக்ட், அப்பா. எல்லா இடமும் தேடினீங்க."

ஷூக்களுக்குள் கையை விட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அங்கே இல்லை என்று தெரிந்தேதான் பார்த்திருக்கிறாள். நான் தேடவில்லை, கல்லில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வெயிலில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவும் தோன்றவில்லை.

சிதறால் அடிவாரத்தில் போய் நின்றபோது மூன்று இருபத்தைந்து. பிரமிளா காருக்கு வெளியே நின்றாள், முகம் வெளுத்திருந்தது. அவள் அண்ணன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார், "போலீசு" என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. ஹன்னா இறங்கியதும் பிரமிளா அவளை இழுத்து அணைத்தாள். கை, கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பவள் போலத் தடவினாள்.

"எத்தன தடவ விளிச்சேன் எட்வின்! என்ன தாமசம் இது?" கல்யாணமாகி இருந்த காலமெல்லாம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவள், பிரிந்த பிறகுதான் பேர் சொல்ல ஆரம்பித்தாள். கையை நீட்டினாள். "பாஸ்போர்ட் எங்க?"

கொடுத்தேன். திறந்து பார்த்தாள், முகர்ந்தாள். "இதென்ன எண்ணெ?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹன்னா முந்திக்கொண்டாள். "அம்மா, அது லாங் ஸ்டோரி. அப்பா தேடினாங்க. ரொம்ப தேடினாங்க."

பிரமிளா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அண்ணன் போனை வைத்துவிட்டார். பிறகு அவள் காருக்குள் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "சாப்பிட்டிருக்க மாட்டியளே. அம்ம அவிச்ச வட்டயப்பம்."

வாங்கிக்கொண்டேன். அவர்கள் போன பிறகு அந்த அடிவாரத்திலேயே காருக்குள் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். தின்னத் தின்ன அழுகை வந்தது. பக்கத்தில் வண்டி நிறுத்திய சுற்றுலாக்காரர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

பொங்கலுக்கு டின் திரும்பி வந்தது என்று அத்தான் போட்டோ அனுப்பினார், நிறைய அதிரசம். அக்கா என்னோடு பேச ஈஸ்டர் வரை ஆனது. அந்த யூனிபாரத்தை யாருக்குக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

8

ஹன்னா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: அத்தை ஒளித்தது, மாமா கொடுத்தது, அப்பா தேடியது. அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் பிரமிளா இந்த வருடம் பாஸ்போர்ட்டை என்னிடம் விடுகிறாள். திங்கட்கிழமை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடப் போகிறாள். உண்மையைச் சொன்னால் போடமாட்டாள். முழுதாக இருபத்து மூன்று நாள் எனக்குக் கிடைக்கப் போகிறது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வாயை மூடத்தான் நினைத்தேன். மூட முடியாமல்தான் இதை எழுத ஆரம்பித்தேன், தமிழில், காகிதத்தில், கையால். செயலிக்குத் தமிழ் தெரியாது, வக்கீலுக்குத் தெரியாது, பிரமிளா என் வீட்டுக்குள் வருவதில்லை. ஹன்னாவுக்கும் வாசிக்கத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை தோறும் இங்கே நூலகத்தின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. கோடை முதல் அவளையும் சேர்த்திருக்கிறோம். என் வாரத்தில் நான் கூட்டிப் போகிறேன், மற்ற வாரம் அவள் அம்மா. நேற்று வகுப்பு முடிந்து வந்தவள், நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது மேஜையில் கிடந்த காகிதங்களைக் கண்டாள். முதல் தாளை எடுத்து, மேலே இருந்த வரியில் விரலை வைத்தாள்.

"நா... ற்... ப... து. நாற்பது!" குரலில் என்ன சந்தோஷம்! "நி... மி... ட... ம். நாற்பது நிமிடம். அப்பா, நானே வாசிச்சேன்! ஃபார்ட்டி மினிட்ஸ், கரெக்டா?"

"கரெக்ட் மக்கா."

"எந்த ஃபார்ட்டி மினிட்ஸ்?"

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. 'நவம்பர்' என்று கூட்டிவிட்டாள். இந்த வேகத்தில் போனால் ஐந்தாம் பகுதிக்கு வர அவளுக்கு ஒரு வருடம் ஆகலாம். ஆனால் வந்துவிடுவாள், அதற்குத்தான் வகுப்பில் சேர்த்தது. முட்டை சாப்பிடு, அது ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்புவாள். அவள்தான் என்னை நம்புகிறாளே.

அடுப்பை அணைத்தேன். போனில் அந்த அனுப்பாத இங்கிலீஷ் செய்தியைத் திறந்து, மேஜையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"நீ ஷூவுக்குள்ள எல்லாம் தேடுனியே, அப்பம் நான் தேடல மக்கா," என்றேன். "உக்காரு, சொல்லுகேன்."